பிறந்தபோது எடை எவ்வளவு?

அந்தக் காலத்தில் தத்துப் பிள்ளை எங்கிருந்தோ வருவதில்லை. அண்ணனுக்கு நாலு பையன்கள், தம்பிக்குப் பிள்ளையில்லை என்றால், மூன்றாவது பையன் நாலு வீடு தள்ளியிருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போவான். ஓமம் வளர்த்துச் சுவீகாரம் செய்தவர்கள் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் பார்க்க மடியில் உட்கார வைத்ததோடு முடித்துக்கொண்டவர்களும் உண்டு. கொள்ளி வைக்கவும் நிலபுலத்தைக் கட்டிக்காக்கவும் ஓர் ஆண்பிள்ளை வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு அந்தச் சடங்கில் இடமே கிடையாது.

ஆனாலும் அவனுக்குக் காய்ச்சல் கண்டால் வைத்தியரிடம் சொல்ல வேண்டியதெல்லாம் வீட்டிலேயே இருந்தது. தாத்தாவுக்குச் சர்க்கரை, பெரியப்பாவுக்கு வலிப்பு, இவன் எட்டாம் மாதத்தில் பிறந்தவன், அம்மை போட்டு எழுந்தது மூன்று வயதில். எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. பெற்றவளே அடுத்த தெருவில் இருந்தாள், கேட்டால் சொல்வாள்.

இன்று ஒன்றரை வயதுக் குழந்தையைச் சிறப்புத் தத்துவள மையத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிவரும் தம்பதி, முதல் வாரத்திலேயே குழந்தை மருத்துவரிடம் போகிறார்கள். “பிறந்தப்போ வெயிட் எவ்வளவும்மா? சுகப்பிரசவமா? பிறந்ததும் அழுதுச்சா? அம்மா வழியில, அப்பா வழியில யாருக்காவது ஏதாவது இருக்கா?” மருத்துவர் வழக்கமாகக் கேட்பதுதான். அந்தத் தாயிடம் இருப்பதோ, குழந்தை மையத்துக்கு வந்த நாளிலிருந்து தொடங்கும் ஒரு சில தாள்கள். அதற்கு முந்தைய ஒன்பது மாதமும் முதல் சில நாட்களும் வெற்று. உறவுக்குள் நடந்த தத்து மாறி, முன்பின் அறியாத குழந்தையைத் தன் குழந்தையாக்கிக்கொள்ளும் காலம் வந்தது பெரிய மன வளர்ச்சி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வளர்ச்சியோடு மருத்துவமும் கூடவே நடந்து வந்ததா என்பதுதான் என் கேள்வி.

இடையில் ஒரு நீண்ட காலம் ரகசியத்தின் காலமாக இருந்தது. 1956-ஆம் ஆண்டு இந்துத் தத்தெடுப்புச் சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்க வழி செய்தது. 1962-இல் வந்த திருத்தம், பெற்றோர் யாரென்றே தெரியாத குழந்தையை நீதிமன்ற அனுமதியோடு தத்துக் கொடுக்கக் கதவைத் திறந்தது. கிறித்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அதுவும் இல்லை. 1890-ஆம் ஆண்டின் சட்டப்படி காப்பாளர் என்ற பெயர்தான் கிடைத்தது. எல்லோருக்கும் பொதுவான வழி 2000-இல் வந்த இளைஞர் நீதிச் சட்டத்தின் மூலம்தான் பிறந்தது, 2006 திருத்தத்தில் அது தெளிவானது. சட்டம் திறந்த அளவுக்கு ஊர் வாய் மூடவில்லை. “யார் பெத்த பிள்ளையோ” என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர். வயிற்றில் துணியைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நடமாடிய பெண்கள் எத்தனை பேர். அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ரகசியத்துக்கு விலை கொடுத்தது குழந்தையின் உடம்பு. மருத்துவரிடமும் பொய்தான் சொன்னார்கள். வளர்த்தவளின் பிரசவக் கதையையும் வளர்த்தவரின் குடும்ப நோய்களையும் குழந்தையின் வரலாறாக மருத்துவர் எழுதிக்கொண்டார். இல்லாத பரம்பரை நோயைத் தேடினார், இருக்கக்கூடியதைத் தேடாமல் விட்டார். பிறகு ஒரு நாள் பள்ளியில் ரத்த வகை பார்க்கும்போது, அப்பா அம்மா இருவருக்கும் ஓ, தனக்கு மட்டும் ஏபி என்று கண்டு, பாடப் புத்தகத்தின் வழியாகவே உண்மையை அறிந்த பிள்ளைகளும் உண்டு.

தமிழ்நாட்டில் இந்தக் கதை திரும்பிய இடம் சேலம். 1986-இல் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக் கொலைகள் பத்திரிகைகளில் வந்து நாடே அதிர்ந்தது. 1992-இல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் அது போனது. கொல்லாதே, இங்கே கொண்டுவந்து போடு என்று அரசே சொன்னது. அப்படி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். குறைமாதம், குறைந்த எடை, தொப்புள் கொடி சரியாகக் கட்டப்படாதது, இரவெல்லாம் பனியில் கிடந்து உடல் சில்லிட்டுப்போனது. அன்றைக்கு உடல்நலம் என்பதற்கு ஒரே பொருள்தான் இருந்தது, நாளைக் காலையில் குழந்தை மூச்சுவிட வேண்டும். அந்த ஆயாக்களும் செவிலியர்களும் கண்விழித்துக் காப்பாற்றிய குழந்தைகள் இன்று முப்பது வயதைத் தொட்டிருப்பார்கள்.

காப்பாற்றிய பிறகு என்ன? தத்துக்குக் கொடுக்க வேண்டும். இங்கேதான் உடல்நலம் வேறொரு வேடம் போட்டது. அது சல்லடை ஆனது. “நல்ல, ஆரோக்கியமான குழந்தையா பார்த்துக் குடுங்க” என்று வந்தவர்கள் கேட்டார்கள். பரிசோதனை என்பது குழந்தைக்குச் சிகிச்சை தொடங்குவதற்காக நடக்கவில்லை, கொடுக்கலாமா கூடாதா என்று பிரிப்பதற்காக நடந்தது. அந்தச் சல்லடையில் சிக்கி ஒதுங்கிப்போன குழந்தைகளை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. ஏனென்றால் அவர்களில் பலருக்குத் தீராத குறை எதுவும் இருக்கவில்லை.

எச்.ஐ.வி. சோதனையையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான ரத்தச் சோதனை தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை. தாயின் எதிர்ப்புப் பொருள் கருவிலேயே குழந்தைக்கு வந்துவிடும், ஒன்றரை வயது வரைகூட அதன் ரத்தத்தில் தங்கியிருக்கும். ஆகவே மூன்று மாதக் குழந்தைக்குச் சோதனை ‘பாசிட்டிவ்’ என்று வந்தால், தாய்க்குத் தொற்று இருந்தது என்பது மட்டுமே உறுதி. குழந்தைக்கும் இருக்கிறதா என்பது அப்போது தெரியாது. சிகிச்சையே பெறாத தாய்மார்களின் குழந்தைகளில்கூடப் பெரும்பான்மையோருக்குத் தொற்று வருவதில்லை. இவ்வளவும் மருத்துவருக்குத் தெரியும். ஆனால் தாளில் அந்த ஒரு சொல் ஏறிவிட்டால் அந்தக் குழந்தைக்கு வீடு வாய்ப்பது அரிதாகிவிடும். ஒன்றரை வயதில் மறு சோதனையில் தொற்று இல்லை என்று தெரியும்போது, மடியில் வளர வேண்டிய மாதங்கள் போயிருக்கும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-ஐ ஒட்டி, கைக்குழந்தைகளுக்கான மரபணு வழிச் சோதனையைக் கொண்டுவந்தது. கிருமியையே நேராகத் தேடும் அந்தச் சோதனையை ஆறாவது வாரத்தில் செய்துவிடலாம், குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தம் போதும். ஓர் ஆண்டுக்கு மேலான காத்திருப்பு சில வாரமாகச் சுருங்கியது. தத்தெடுப்பு பற்றிய பேச்சில் இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு இது ஒரு சட்டத் திருத்தத்துக்கு நிகரான மாற்றமாகவே படுகிறது.

வளைபாதமும் அப்படித்தான். பிறவியிலேயே பாதம் உள்நோக்கித் திரும்பிய குழந்தை அன்று ‘ஊனமுற்ற குழந்தை’, பெரிய அறுவைச் சிகிச்சை வேண்டும், யார் எடுப்பார்கள். இன்று பொன்செட்டி முறையில் வாரம் ஒரு மாவுக்கட்டு என்று ஐந்தாறு வாரம் கட்டி, குதிகால் தசைநாணில் ஒரு சிறு கீறல் போட்டு, பிறகு நாலு வயது வரை இரவில் சிறப்புக் காலணி போட்டால் குழந்தை ஓடும். உதட்டுப் பிளவை மூன்று மாதத்தில் தைத்துவிடுகிறார்கள், அண்ணப் பிளவை ஒன்றரை வயதுக்குள். மாறியிருப்பது கத்தியும் கட்டும் மட்டும் இல்லை, இந்தக் குழந்தைகளை எந்தப் பட்டியலில் வைப்பது என்பதும் மாறியிருக்கிறது.

நெடுங்காலம் அவர்கள் போன இடம் பெரும்பாலும் வெளிநாடு. உள்ளூரில் ‘குறை’ என்று தள்ளப்பட்ட குழந்தையை ஸ்வீடனிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ யாரோ வந்து எடுத்துப் போனார்கள். அதில் அன்பும் இருந்தது, சந்தையும் இருந்தது. வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே எழுதிய ஒரு கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், 1984-இல் நீதிபதி பகவதியின் தீர்ப்பின் வழியாக வெளிநாட்டுத் தத்துக்கு வரைமுறை வகுத்தது. குழந்தையைப் பற்றிய அறிக்கையில் உடல்நிலை விவரம் இருந்தாக வேண்டும் என்பதும் அதில் ஒன்று. மத்திய தத்துவள ஆணையமான ‘காரா’ 1990-இல் பிறந்தது அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாகத்தான்.

அப்படிப் போன குழந்தைகளைப் பற்றி அந்த நாடுகள் ஒரு நல்ல காரியம் செய்தன. விடாமல் அளந்து, எழுதி வைத்தன. ஸ்வீடனின் உப்சாலாவில் ஆய்வாளர்கள் இந்தியாவிலிருந்து தத்துப்போன 107 சிறுமிகளைப் பின்தொடர்ந்து, 1991-இல் முடிவை வெளியிட்டார்கள். சவலைப் பிள்ளைகளாகப் போய் இறங்கியவர்கள் நல்ல சாப்பாடு கிடைத்ததும் மளமளவென்று வளர்ந்தார்கள், பெற்றோர் பூரித்தார்கள். ஆனால் பலர் சீக்கிரமே வயதுக்கு வந்தார்கள். வயதுக்கு வந்த வயதின் இடைநிலை அளவு 11.6, எல்லோரிலும் இளையவளுக்கு வயது 7.3 தான். ஏழு வயதுச் சிறுமிக்கு, தன்னைப் போல் யாருமே இல்லாத பள்ளியில், அது எப்படி இருந்திருக்கும்? சீக்கிரம் பருவமடைந்தால் எலும்பின் வளர்ச்சியும் சீக்கிரம் நின்றுவிடும், உயரம் குறைந்துபோகும். கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் பட்டினி கண்ட உடல், திடீரென்று சோற்றைக் கண்டதும் அவசரப்படுகிறது என்று கருதுகிறார்கள். இந்த ஆய்வு நம் குழந்தைகளைப் பற்றியது. தத்து மையத்திலிருந்து பெண் குழந்தையைக் கூட்டிவந்த எந்தத் தாயிடமும், “ஆறு வயசுல இருந்தே மார்பு வளருதான்னு கவனிங்கம்மா, சந்தேகம்னா உடனே வாங்க” என்று ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். தத்துக் குழந்தைகளின் மருத்துவத்துக்கு வேண்டிய தனி அறிவு அதுதான்.

அந்த அறிவைத் தனித் துறையாகவே வளர்த்தார் டேனா ஜான்சன் என்ற மருத்துவர். பச்சிளங்குழந்தை மருத்துவரான அவரும் இந்தியாவிலிருந்து ஒரு மகனைத் தத்தெடுத்தவர். 1986-இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில், அயல்நாட்டிலிருந்து தத்து வரும் குழந்தைகளுக்கென்று தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். அமெரிக்காவில் அப்படி ஒன்று அதுதான் முதல். தடுப்பூசி அட்டையை நம்பலாமா, இல்லை முதலிலிருந்து போடுவதா? பிறந்த தேதி மெய்யா, இல்லை பல்லையும் எலும்பையும் பார்த்துக் கணித்ததா? முதுகிலிருக்கும் நீலத் தழும்பு அடித்த காயமா, நம் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும் மச்சமா? இல்லங்களில் கழியும் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஏறக்குறைய ஒரு மாத உயரத்தைக் குழந்தை இழக்கிறது என்ற கணக்கும் இப்படிப்பட்ட மருத்துவர்கள் அளந்து கண்டதுதான்.

சாப்பாடு போட்டும் ஏன் வளரவில்லை? பால் புட்டியை ஒரு துணிச் சுருளில் சாய்த்து வைத்துவிட்டு ஆயா அடுத்த தொட்டிலுக்குப் போய்விடுகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது, ஒருத்திக்குப் பத்துக் குழந்தை. ஆனால் தூக்கிவைத்துக் கண்ணைப் பார்த்துப் பேசாத குழந்தைக்கு உடம்பும் வளர்வதில்லை. மனநல மருத்துவர் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-லேயே இதைச் சொன்னார். மறுக்க முடியாத சான்று ருமேனியாவில் கிடைத்தது. 1989-இல் சௌசெஸ்கு ஆட்சி விழுந்தபோது அங்கே அரசு இல்லங்களில் இருந்த குழந்தைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2000-ஐ ஒட்டி, புக்கரெஸ்டில் 6 முதல் 31 மாத வயதுக் குழந்தைகள் 136 பேரை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். வீட்டுக்குப் போன குழந்தைகளின் அறிவும் பாசப் பிணைப்பும் மூளையின் மின்னோட்டம்கூடத் தேறின. இரண்டு வயதுக்கு முன் போனவர்களிடம் அந்தத் தேற்றம் அதிகம். இரண்டு வயது என்ற அந்த எல்லை, இங்கே ஒவ்வொரு கோப்பும் மேசையில் காத்துக் கிடக்கும் வாரங்களுக்கு என்ன பொருள் என்பதைச் சொல்லிவிடுகிறது.

இப்போது நம் ஊரில் நிலைமை என்ன? காகிதத்தில் எவ்வளவோ மேல். காராவின் இணையதளத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் மருத்துவப் பரிசோதனை அறிக்கை இருக்கிறது. எடை, உயரம், தலைச் சுற்றளவு, சோதனை முடிவுகள், எத்தனை மாதத்தில் கழுத்து நின்றது, எப்போது குப்புற விழுந்தது, எல்லாம். ஒப்புக்கொள்வதற்கு முன் பெற்றோர் தங்களுக்கு வேண்டிய மருத்துவரிடம் அதைக் காட்டிக் கேட்கலாம். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே கொடுக்கிறார். 2024-25-இல் நாடு முழுவதும் 4,500-க்கும் மேல் தத்தெடுப்புகள் நடந்தன. குழந்தைக்காகப் பதிவு செய்து காத்திருக்கும் குடும்பங்களோ முப்பதாயிரத்துக்கும் மேல். ஆரோக்கியமான சின்னக் குழந்தைக்கு மூன்று ஆண்டுக்கு மேல் வரிசை. சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கும் வயதில் மூத்த குழந்தைக்கும் அவ்வளவு வரிசை கிடையாது. இதயத்தில் ஓட்டை என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்து பின்வாங்காமல், “டாக்டர், இதுக்கு ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமா?” என்று கேட்டு வரும் இளம் தம்பதிகள் இன்று இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது நாம் நெடுந்தூரம் வந்திருக்கிறோம் என்றே தோன்றுகிறது.

அதே நாட்டில்தான், 2014-15-இலிருந்து ஐந்தாண்டுகளில் தத்துப்போன குழந்தைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திருப்பிக் கொண்டுவந்து விடப்பட்டார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் தெரியவந்தது. கைவிடப்பட்ட குழந்தை இரண்டாம் முறையும் கைவிடப்பட்டது. அந்தப் பெற்றோர் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நம்பவில்லை. அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை.

ஏழு வயதுப் பிள்ளை வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் தலையணைக்கடியில் பிஸ்கட்டும் காய்ந்த இட்லியும் கிடைக்கின்றன. ‘திருட்டுப் புத்தி, எந்த வம்சமோ’ என்று பாட்டி முணுமுணுக்கிறார். அது திருட்டு இல்லை. அடுத்த வேளை வருமா என்று தெரியாமல் வாழ்ந்த பிள்ளையின் தற்காப்பு. பிஸ்கட் டப்பாவை அவன் கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் வைத்துவிட்டால் சில மாதங்களில் தானே நின்றுபோகும். இரண்டு வயதுப் பெண் தெருவில் போகிற யாரிடமும் கையை நீட்டித் தாவுகிறாள். வீட்டார் பெருமைப்படுகிறார்கள், எல்லார்கிட்டயும் ஒட்டிக்குறா. உண்மையில், அம்மா யார் என்று அவளுக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. முதல் சில மாதம் அவளைத் தூக்குவதும் ஊட்டுவதும் தூங்கவைப்பதும் அப்பா அம்மா மட்டுமாக இருந்தால் அந்தத் தீர்மானம் வரும். விழுந்து முட்டியில் ரத்தம் வந்தும் அழாத குழந்தையைத்தான் நான் எல்லோரையும்விடக் கவலையோடு பார்ப்பேன். அழுதால் யாரும் வர மாட்டார்கள் என்று கற்றுக்கொண்ட குழந்தை அது. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் அது வீறிட்டு அழுது, அடம்பிடித்து, பொருளைத் தூக்கி எறியும்போது, குழந்தை கெட்டுப்போய்விட்டது என்று குடும்பம் நினைக்கிறது. அது தேறி வருகிறது என்று அந்த நேரத்தில் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாத வீடுகளிலிருந்துதான் குழந்தைகள் திரும்பி வருகிறார்கள் என்பது என் எண்ணம்.

தத்தைவிடப் பின்தங்கிக் கிடப்பது வளர்ப்புப் பராமரிப்பு. பெற்றோர் இருந்தும் வளர்க்க இயலாத குழந்தையை, இல்லத்துக்கு அனுப்பாமல் ஒரு குடும்பத்திடம் சில காலம் ஒப்படைப்பது. உறவினர் வீட்டில் விட்டு வளர்ப்பது நமக்குப் பழக்கம், முன்பின் தெரியாத வீட்டில் விடுவது பழக்கமில்லை. மத்திய அரசு 2016-இல் இதற்கு மாதிரி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. 2024-இல் அதைத் திருத்தி, தனியாக வாழ்பவர்களும் வளர்க்கலாம், ஐந்தாண்டுக்குப் பதில் இரண்டாண்டு வளர்த்தாலே தத்தெடுக்கக் கேட்கலாம் என்றது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு. ஆனால் இந்தக் குழந்தைகள் வீடு மாறும்போது மருத்துவக் காகிதமும் கூடவே போகிறதா? இங்கிலாந்தில் அரசின் பொறுப்புக்கு வரும் குழந்தைக்கு 20 வேலை நாட்களுக்குள் முழு உடல்நல மதிப்பீடு செய்தாக வேண்டும். ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் அது தொடர வேண்டும். அங்கே அது கடமை.

வளர்ந்தவர்களின் தேவை வேறு. விதிகளின்படி 18 வயது நிறைந்த தத்துப் பிள்ளை தன் வேரைத் தேடித் தானே விண்ணப்பிக்கலாம். பலர் தேடுவது தாய் முகத்துக்காக. சிலர் தேடுவது, மார்பில் கட்டி என்று மருத்துவர் சொன்ன நாளில், “குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்காக. 2005-இல் சென்னையில் பிடிபட்ட ஒரு கும்பல், தெருவோரத்தில் தூங்கிய குழந்தைகளைத் திருடி விற்றது. போலிக் காகிதங்களோடு வெளிநாடு போய்விட்ட அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோரோடு பறிபோனது இந்தப் பதிலும்தான். 1980-களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகள் பலருக்கும் இதே கதி.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தத்து ஆணைக்குப் பிறகு இரண்டாண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதுகிறார். அதோடு அரசின் கண் மூடிக்கொள்கிறது. பருவமடைதலும் பள்ளிச் சிக்கலும் “நான் யார்?” என்ற கேள்வியும் வருவது அதற்கெல்லாம் பிறகுதான். 2013-இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைந்திருக்கின்றன. குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் என்று வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதே அவற்றின் அமைப்பு. ஆட்சியர் கொடுக்கும் தத்து ஆணையிலும் குழந்தைகள் நலக் குழு கொடுக்கும் வளர்ப்புப் பராமரிப்பு ஆணையிலும் ஒரு வரி சேர வேண்டும்: இந்தக் குழந்தை முதல் மாதத்துக்குள்ளும், பிறகு 18 வயது வரை ஆண்டுக்கு ஒரு முறையும் அந்த மையத்தில் பார்க்கப்பட வேண்டும். மையத்திலும் மாதத்தில் ஒரு பிற்பகல் இவர்களுக்கென்றே ஒதுக்கி, வெற்றாக இருக்கும் முதல் பக்கத்தைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரு மருத்துவரை அங்கே உட்கார வைக்க வேண்டும்.